பூவுக்கு வயது உண்டு

(பழவேற்காட்டு ஏரியிலுள்ள பசியாவரத்தில் பள்ளிப் பிள்ளைகளும் ஊராரும் கூடியிருந்த ஒரு மாலையில் பேசியது. அச்சுக்காகச் சிறிது திருத்தப்பட்டது.)



பழவேற்காட்டிலிருந்து படகில் வரும்போது, ஓட்டி வந்த தம்பி என்ன பேசப் போகிறீர்கள் என்று கேட்டார். பூவைப் பற்றி என்றேன். "இங்க ஏது சார் பூவு? மீனப் பத்திப் பேசுங்க, நாலு பேரு கேப்பாங்க" என்றார். நியாயமான பேச்சுதான். மீனைப் பற்றி உங்களிடம் பேசும் அளவுக்கு எனக்குத் துணிச்சல் கிடையாது. தலையில் வைக்கிற பூ இங்கே சந்தையிலிருந்துதான் வருகிறது, அதுவும் உண்மை. ஆனால் கரையிறங்கி இந்த மரத்தடிக்கு வருவதற்குள் ஐந்து வகைப் பூவைப் பார்த்துவிட்டேன். ஒன்றைக்கூட யாரும் தலையில் வைப்பதில்லை. அதனால் அவற்றைப் பூ என்று கணக்கில் சேர்க்காமல் விட்டிருக்கிறோம்.

'பூவின் உறுப்புகள்' என்றால் படித்தவர்களுக்கு உடனே பரீட்சை ஞாபகம் வரும். செம்பருத்தியை நெடுக்காக வெட்டிய படம், பக்கத்தில் அம்புக்குறிகள், ஐந்து மதிப்பெண். நானும் அதை வரைந்து ஐந்துக்கு ஐந்து வாங்கினவன்தான். வரைந்த அன்றைக்கு வரை ஒரு செம்பருத்தியைக்கூடப் பிய்த்துப் பார்த்ததில்லை. கல்லூரியில் பிளேடும் உருப்பெருக்கியும் கையில் கொடுத்தபோதுதான் படத்தில் இருந்தது வேறு, பூவில் இருப்பது வேறு என்று தெரிந்தது. அதனால் இன்று படம் கிடையாது. ஆளுக்கு ஒரு பூவரசம்பூ கொடுத்திருக்கிறேன். இந்த மரத்தில் பறித்ததுதான். பூவரசு செம்பருத்திக்குப் பங்காளி, ஒரே குடும்பம். இதன் இலையைச் சுருட்டி பீப்பீ ஊதாத கை இந்தக் கூட்டத்தில் இருக்காது. பூவைப் பிரித்துப் பார்த்த கை எத்தனை என்று தெரியவில்லை.

அடியிலிருந்து வருவோம். விரல் பிடித்திருக்கும் தண்டு பூக்காம்பு. அதன் நுனி சற்றுத் தடித்து மேடையாகியிருக்கிறதே, அது பூத்தளம். மற்ற எல்லாமே இந்த மேடைமேல்தான் உட்கார்ந்திருக்கின்றன. அதற்கு மேலே பச்சைக் கிண்ணம், புல்லிவட்டம். பல பூக்களில் இது தனித்தனி இதழாகப் பிரிந்திருக்கும். பூவரசில் எல்லாம் ஒட்டி ஒரே கிண்ணமாகிவிட்டது. விளிம்பில் விரலை ஓட்டினால் ஐந்து மிகச்சிறிய பற்கள் தட்டுப்படும். புல்லி ஐந்து என்பதற்கு அந்தப் பற்கள்தான் சாட்சி. மொட்டாக இருக்கும்போது இந்தக் கிண்ணத்துக்கும் வெளியே மூன்று சின்ன இலைத்துண்டுகள் இருக்கும், புறப்புல்லிவட்டம் என்று பெயர். சீக்கிரமே உதிர்ந்துவிடும். உங்கள் பூவில் இல்லையென்றால் பதற வேண்டாம்.

அடுத்தது மஞ்சள் இதழ்கள், அல்லிவட்டம். ஐந்து. ஒவ்வோர் இதழும் ஒரு பக்கம் அடுத்ததன் மேலும் மறுபக்கம் முந்தையதன் கீழும் போகிறது, முந்தானை சுற்றினாற்போல. இதைத் திருகு இதழமைவு என்கிறோம். இதழ்களின் அடியில் உட்புறம் அரக்குச் சிவப்பாக ஒரு கறை இருக்கும். உள்ளே வரும் பூச்சிக்குத் தேன் இருக்கும் இடத்தைக் காட்டும் விளக்கு அது.

நடுவில் ஒரு தூண். அதில் கம்பி கம்பியாகப் பொடிவைத்த தலைகள். ஒவ்வொன்றும் ஒரு மகரந்தத்தாள்: கம்பி ஒன்று, அதன் முனையில் மகரந்தப்பை ஒன்று. பைக்குள் இருக்கும் மஞ்சள் பொடி மகரந்தம். பல பூக்களில் இவை தனித்தனியே நிற்கும், பூவரசிலும் செம்பருத்தியிலும் கம்பிகள் எல்லாம் சேர்ந்து குழலாகிவிட்டன. ஒருகற்றை என்று தாவரவியலில் சொல்வோம், வைக்கோல் கற்றை என்கிறோமே அதே கற்றை. அந்தக் குழலுக்குள்ளே ஒளிந்து, மேலே தலையை மட்டும் நீட்டிக்கொண்டிருப்பது சூலகம். நீட்டிய தலை சூலகமுடி, நடுத்தண்டு சூலகத்தண்டு, அடியில் கிண்ணத்துக்குள் உருண்டையாக உட்கார்ந்திருப்பது சூற்பை. நகத்தால் சூற்பையைக் கீறினால் அறைகளுக்குள் வெள்ளை மணிகள் தெரியும். அவைதான் சூல்கள். விதையாகப் போகிறவை.

பாடம் இவ்வளவுதான். புல்லி, அல்லி, மகரந்தத்தாள், சூலகம் என்று நாலு வட்டம். இனிமேல்தான் பேச்சு.

இந்தப் பெயர்களை ஏதோ ஒரு குழு உட்கார்ந்து ஆங்கிலத்தைப் பார்த்து உருவாக்கியது என்று நினைப்பவர்கள் உண்டு. சில அப்படி வந்தவைதான். ஆனால் அல்லியும் புல்லியும் பழைய சொற்கள். அல்லி என்றால் அகவிதழ், புல்லி என்றால் புறவிதழ் என்று பழைய உரைகாரர்கள் எழுதியிருக்கிறார்கள். புல்லுதல் என்றால் தழுவுதல் என்பதும் உங்களுக்குத் தெரியும். மொட்டைக் கட்டித் தழுவிக்கொண்டிருக்கும் பச்சை உறைக்கு இதைவிட நல்ல பெயர் எனக்குத் தோன்றவில்லை. சூல் என்ற சொல்லை உங்களுக்கு விளக்கவே வேண்டாம். சினை நண்டு, சினை மீன் என்று நாள் முழுக்கச் சொல்கிறீர்கள். நண்டைப் புரட்டி வயிற்று மடலைப் பார்க்கிறீர்கள். குறுகிக் கூராக இருந்தால் ஆண், அகன்று வட்டமாக இருந்தால் பெண். அரை நொடியில் சொல்லிவிடுகிறீர்கள். பூவைப் புரட்டிப் பார்த்து மகரந்தத்தாளையும் சூலகத்தையும் தேடுவதும் அதே வேலைதான். நண்டு தெரிந்த கண்ணுக்குப் பூ வராமல் போகாது.

மகரந்தம் மட்டும் கொஞ்சம் வழி தவறி வந்த சொல். வடமொழியில் அது பூவின் தேனைக் குறிக்கும். தமிழ்ப் பாடப்புத்தகத்தில் பொடியாகிவிட்டது. பழைய தமிழில் அந்தப் பொடிக்குத் தாது என்று பெயர். நான் பள்ளி மாணவனாக இருந்தால் தாது என்றே எழுதுவேன். ஆசிரியராக இருந்தபடியால் மகரந்தம் என்றே திருத்தினேன். கடல் தாண்டினால் இன்னொரு வேடிக்கை. இலங்கைத் தமிழ்ப் பாடநூல்களில் மகரந்தத்தாளுக்குக் கேசரம், சூலகமுடிக்குக் குறி, தண்டுக்குத் தம்பம் என்று சொல்கிறார்கள். சூலகம் என்ற சொல் அங்கேயும் உண்டு, ஆனால் அவர்களுக்கு அது நம் சூற்பையை மட்டும் குறிக்கிறது. நாம் முழு வீட்டையும் சூலகம் என்கிறோம், அவர்கள் பிள்ளை இருக்கும் அறையை மட்டும் சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்துப் பிள்ளையும் பொன்னேரிப் பிள்ளையும் ஒரே பூவை வைத்துக்கொண்டு சண்டை போடலாம், இரண்டு பேரும் சரி.

பூவரசு நல்ல பிள்ளை மாதிரி நாலு வட்டத்தையும் வைத்துக்கொண்டு நிற்கிறது. உங்கள் ஏரிக்கரையில் வளர்கிற மற்றதெல்லாம் அப்படி இல்லை. கழியோரத்தில் சிவந்த சதைப்பற்றான தண்டோடு தரையோடு தரையாகப் படர்ந்து கிடக்கிறதே, ஆடு கடித்தால் உப்புக் கரிக்கும் பூண்டு, செசுவியம் என்று தாவரவியல் பெயர். அதன் பூ விரல்நுனி அளவுதான், இளஞ்சிவப்பு நட்சத்திரம். அழகான இதழ்கள் என்று சொல்வீர்கள். அவை அல்லி இல்லை. திருப்பிப் பாருங்கள், பின்பக்கம் பச்சை. புல்லிதான் உள்பக்கத்துக்கு மட்டும் சாயம் பூசிக்கொண்டு அல்லி வேலை பார்க்கிறது. அந்தப் பூவுக்கு அல்லியே கிடையாது.

வேலம்பூ இன்னொன்று. பழைய வேலங்காடு என்பதுதான் பழவேற்காடு ஆயிற்று என்று சொல்கிறார்கள் அல்லவா? அந்த வேலமரத்தின் மஞ்சள் உருண்டையை ஒரு பூ என்று எடுத்துக்கொள்கிறோம். உண்மையில் அது ஓர் ஊர். பத்துப் பூ அல்ல, அதற்கும் மேலே, குட்டிக் குட்டியாக நெருக்கியடித்துக்கொண்டு இருக்கின்றன. கண்ணுக்குத் தெரியும் மஞ்சள் அத்தனையும் மகரந்தத்தாள்கள். அல்லி இருக்கிறது, அடியில் எங்கோ அமுங்கிப்போய்.

தாழம்பூவைச் சொல்லாமல் கடற்கரையில் பூவைப் பற்றிப் பேச முடியாது. அடிமுடி தேடிய கதையில் தாழம்பூ பொய்ச்சாட்சி சொன்னதால் சிவனுக்கு ஆகாமல் போயிற்று என்பார்கள். தாவரவியல் பார்வையிலும் அது பெரிய பொய்க்காரப் பூ. ஆண்மரம் தனி, பெண்மரம் தனி. நாம் சடையில் வைத்துத் தைத்த அந்த மணக்கும் வெளிர்மஞ்சள் மடல்கள் அல்லியும் இல்லை, புல்லியும் இல்லை. பூங்கொத்தை மூடி வைத்திருக்கும் இலைகள், பூவடிச்செதில்கள். அதுவும் ஆண்மரத்துடையவை. உள்ளே இருக்கும் உண்மையான ஆண்பூ வெறும் மகரந்தத்தாள்களின் கொத்து. பெண்மரத்தில் அன்னாசிப்பழம்போல் காய்த்துத் தொங்குகிறதே, அதன் பூவை யாரும் பூ என்று திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. தமிழில் இதழ் வேறு, மடல் வேறு, பாளை வேறு என்று பிரித்து வைத்தவர்கள் அதைக் கவனித்துத்தான் தாழைக்கு மடல் என்றார்கள். பாட்டிகள் தாழை மடல் என்றுதான் சொல்வார்கள், தாழை இதழ் என்று நான் கேட்டதில்லை.

தண்ணீருக்கு அடியிலும் பூ உண்டு. வலையில் பாசியோடு பாசியாக வந்து சிக்கும் சின்ன முட்டை வடிவ இலைக்கொடி, நீங்கள் உதறி எறிவது, அது பாசி இல்லை. வேரும் தண்டும் பூவும் உள்ள கடற்புல், ஹாலோஃபிலா. தண்ணீருக்குள் வண்டு வராது, வண்ணம் யாருக்கு? அதனால் பகட்டான அல்லியே வைத்துக்கொள்ளவில்லை. மகரந்தம் பொடியாக இருந்தால் சிதறிப் போய்விடும், ஆகவே நூலில் கோத்த மணிபோலச் சங்கிலியாக மிதந்து போகிறது. பெண்பூ நீளமான தண்டுகளை நீட்டிக்கொண்டு காத்திருக்கிறது. தூண்டில் என்று சொன்னால் உங்களுக்கு உடனே புரியும்.

மணல்மேட்டில் படரும் அடும்புக்கொடியில் ஐந்து அல்லியும் ஒட்டி ஊதா நிறப் புனலாகிவிட்டன. அதன் இலை நடுவில் பிளந்திருக்கும். நம் பழைய புலவர்கள் அதை மானின் குளம்பு என்றார்கள். 1753இல் சுவீடன் நாட்டு லின்னேயஸ் அந்தக் கொடிக்குப் பெயர் வைத்தபோது 'பெஸ் கேப்ரே' என்றார், ஆட்டின் கால். இரண்டு கண்களும் ஒரே இடத்தில் போய் நின்றிருக்கின்றன. மான் பார்த்தவனுக்கு மான், ஆடு பார்த்தவனுக்கு ஆடு.

லின்னேயஸ் பெயர் வந்துவிட்டது, அவரைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். செடிகளுக்கு இரண்டு சொல் பெயர் வைக்கும் வழக்கத்தை நிலைநிறுத்தியவர். 1735இல் அவர் வெளியிட்ட முறையில் செடிகளை 24 வகுப்பாகப் பிரித்தார். பெரும்பாலும் மகரந்தத்தாளை எண்ணித்தான் பிரிப்பு: ஒன்று இருந்தால் முதல் வகுப்பு, இரண்டு இருந்தால் இரண்டாவது. சண்டையில்லாத கணக்கு. அவருடைய மாணவர் கோனிக் என்பவர் 1768இல் தரங்கம்பாடிக்கு வந்தார். அந்த எண்ணும் பழக்கம் அப்படித்தான் நம் கடற்கரைக்கு வந்திறங்கியது. பிறகு அதே தரங்கம்பாடிக்கு 1776இல் ரோட்லர் என்ற பாதிரியார் வந்தார். கடற்கரையெங்கும் செடி சேர்த்தார். கடைசிக் காலத்தில் சென்னையில் இருந்துகொண்டு தமிழுக்கு ஒரு பெரிய அகராதி செய்தார். 1836இல் இறந்தார். பூவையும் சொல்லையும் ஒரே ஆள் சேகரித்திருக்கிறார் என்பதால் அவர்மேல் எனக்குத் தனிப் பிரியம். இங்கே எதிர்க்கரையில் 1613இல் கெல்டிரியாக் கோட்டையைக் கட்டிய டச்சுக்காரர்களோ துணியைத்தான் எண்ணினார்கள். அவர்களுடைய பெரிய செடிப்புத்தகம், 'ஹோர்த்தூஸ் மலபாரிக்கூஸ்', 1678 முதல் 1693 வரை 12 தொகுதிகளாக வந்தது. அது முழுக்கக் கேரளக் கரையின் செடிகள். அதில் பெரும்பகுதி இட்டி அச்சுதன் என்ற வைத்தியர் சொல்லச் சொல்ல எழுதியது. பழவேற்காட்டுக்கு அப்படி ஓர் அச்சுதனை அவர்கள் தேடவில்லை.

எண்ணுவது நல்ல பழக்கம். ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்பி ஒருமுறை நான் நன்றாக மாட்டிக்கொண்டேன்.

வேலைக்குச் சேர்ந்த புதிது. இந்த ஏரிப்பக்கத்து ஊர் ஒன்றிலிருந்து வந்து படித்த பையன் ஒருவன், ஒரு நாள் சட்டைப்பையில் அலையாத்திப் பூ கொண்டுவந்தான். அவிசென்னியா மரினா. இப்னு சீனா என்ற மருத்துவ மேதையின் பெயர்தான் அவிசென்னியா. ஆரஞ்சு மஞ்சளில் மிளகுக்குச் சற்றுப் பெரிதாக இருக்கும், நாலு அல்லி, நாலு மகரந்தத்தாள், நடுவில் ஒரு சூலகம். ஒரே கொத்தில் பறித்த இரண்டு பூவை மேசையில் வைத்தான். ஒன்றில் மகரந்தப்பைகள் வெடித்துப் பொடி நிறைய இருந்தது. சூலகமுடி ஊசிபோல் மூடிக்கொண்டிருந்தது. மற்றதில் பைகள் காய்ந்து கருத்திருந்தன, சூலகமுடி பாம்பின் நாக்குப்போல் இரண்டாகப் பிளந்து விரிந்திருந்தது. நான் உருப்பெருக்கியில் பார்த்துவிட்டு, அறிவாளித்தனமாக, "இது ஆண்பூ, அது பெண்பூ. ஒரே மரத்தில் இரண்டு வகை" என்றேன்.

"இல்ல சார். இது இன்னைக்குப் பூத்தது. அது முந்தாநாளுப் பூத்தது" என்றான்.

எப்படித் தெரியும் என்றேன். தேன் எடுக்கப் போகும்போது எந்தப் பூவில் ஈ உட்காருகிறது என்று பார்ப்பானாம். தினமும் பார்க்கிறவனுக்குத் தெரிந்தது, புத்தகத்தில் ஒரு நாள் பார்க்கிற எனக்குத் தெரியவில்லை. அவன் சொன்னதுதான் சரி. அலையாத்திப் பூ விரிந்ததும் முதலில் ஆணாக இருக்கிறது. பொடியைக் கொடுத்து முடித்து, ஓரிரு நாள் கழித்து, சூலகமுடியைத் திறந்து பெண்ணாகிறது. தன் பொடி தன்மேலேயே விழுந்து சூல் கொள்ளாமல் இருக்க இப்படி ஓர் ஏற்பாடு. பூ ஒன்று, உறுப்பும் அதே. எந்த உறுப்புக்கு எந்த நாள் என்பது மட்டும் வேறு வேறு.

அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் மிகையில்லை. பூவின் படத்தை நாங்கள் வரையும்போது எல்லா உறுப்பையும் ஒரே நொடியில் வரைகிறோம். பொடி வெடித்திருக்கும், முடி விரிந்திருக்கும், சூல் பழுத்திருக்கும். அப்படி ஒரு நொடி அலையாத்திக்கு வருவதே இல்லை. தாவரவியல் பூவின் உறுப்புக்குப் பெயர் வைத்தது. தமிழ் பூவின் வயதுக்குப் பெயர் வைத்திருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அரும்பு, மொட்டு, முகை, மலர், அலர், வீ, செம்மல். தமிழ் ஐயா பாடத்தில் இதை ஒப்பிக்கும்போது வெறும் சொல் அலங்காரம் என்று நினைத்திருந்தேன். முகைக்கும் அலருக்கும் இடையில் ஒரு பூ ஆணிலிருந்து பெண்ணாகும் என்றால், அந்தச் சொற்கள் அலங்காரம் இல்லை, அளவுகோல். அலையாத்தியின் மலர் ஆண், அலர் பெண் என்று ஒரு வரியில் எழுதிவிடலாம். பாடப்புத்தகத்தில் அதற்கு ஒரு பத்தி செலவாகிறது. புலவர்கள் இதை அறிந்து சொன்னார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படிச் சொல்கிறவர்களையும் நம்பாதீர்கள். அவர்கள் பூவைத் தினமும் பார்த்தார்கள், அந்தப் பையனைப்போல. அவ்வளவுதான்.

உதிரும் பூவைச் சொல்லும் வீ என்ற சொல்லோடு அலையாத்தியின் கதை முடிவதும் இல்லை. மழைக்காலத்தில் அதன் காயைப் பிரித்தால் உள்ளே விதை இருக்காது, முளைத்த கன்றே இருக்கும். மரத்தில் இருக்கும்போதே விதை முளைவிட்டு, தோலுக்குள் மடிந்து உட்கார்ந்திருக்கிறது. தண்ணீரில் விழுந்து தோல் கழன்றதும் வேர் விட்டுக்கொள்ளும். உப்புச்சேற்றில் விதையாக விழுந்தால் பிழைப்பது கடினம் என்று தாய்மரமே வளர்த்து அனுப்புகிறது.

நேரமாகிறது, படகுக்காரத் தம்பி காற்று மாறுவதாகச் சைகை காட்டுகிறார். ஒரே ஒரு வேலை. கையில் இருக்கும் பூவைக் கீழே வைத்துவிட்டு, இந்த மரத்தடியில் கிடப்பதில் ஒன்றை எடுங்கள். காலையில் மஞ்சளாக விரிந்த பூவரசு சாயங்காலம் வாடிச் சிவக்கும், பிறகு உதிரும். ஆகவே இந்தச் சிவந்தது நேற்றைக்கோ அதற்கு முன்னாலோ பூத்தது. இப்போது நாலு வட்டத்தையும் எண்ணுங்கள். அல்லி இருக்கிறதா? இருக்கிறது. மகரந்தக் குழல்? அதுவும் அல்லியோடு ஒட்டிக்கொண்டே விழுந்திருக்கிறது. பச்சைக் கிண்ணத்தைத் தேடுங்கள். அதற்குள் உருண்டையாக ஒன்று இருந்ததே, அதையும் தேடுங்கள். கிடைக்காது பாப்பா, மணலில் தோண்டாதே. மேலே கிளையைப் பார்.